அனுபவம் என்ற கட்டம்

மாலை ஐந்து மணிக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள். தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பங்களைச் சரிபார்த்துத் தரும் உதவி மையத்து அக்காவுக்கு இது நாற்பதாவது படிவம். மின்விசிறி வெந்த காற்றையே கிளறுகிறது. ‘அனுபவம்’ என்ற கட்டத்தில் மாணவி ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறாள். அனுபவமில்லாதவர்க்கு அந்தப் பயிற்சியில் இடமில்லை. அவள் விரல்களிலோ செம்புக் கம்பி அறுத்த தழும்புகள்! உழைப்பை உழைப்பென்று எண்ணக் கற்பிக்கப்படாத கை எழுதிய சொல் அது.

“இது என்னடி?” என்று தழும்புகளைக் காட்டிக் கேட்கிறாள் அக்கா.

“ஆறு வருஷமா, வீட்டுல அம்மா நடத்துற பட்டறையில அவங்ககூட மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுத்தினது அக்கா. வீட்டு வேலைதானே, சம்பளமா குடுத்தாங்க?”

“சோறு போட்டேனே!” என்கிறாள் அருகில் நிற்கும் தாய்.

சிரிக்கவும் தெம்பின்றி, அக்கா அச்சொல்லை அடித்து ‘ஆறு ஆண்டுகள்’ என்று எழுதிப் படிவத்தைத் தாயிடம் நகர்த்துகிறாள். “கீழே முதலாளி கையெழுத்துப் போடணும்மா.”

தாய் திரும்பி, வாசலில் எந்த முதலாளி வருகிறார் என்று பார்க்கிறாள்.