அடுப்பு மாப்பிள்ளை

14 மார்ச் 2061

மாலை வகுப்புத் தேர்வில், விந்தணு புராஸ்டேட்டில் உருவாகிறது என்று எழுதிவிட்டேன். விந்தகத்தில்தான் உருவாகிறது. அதற்கு உடலைவிடச் சற்றுக் குளிர்ச்சி வேண்டும்; அதனால்தான் அது வெளியே இருக்கிறது. இதையாவது சரியாக எழுதினேனா, தெரியவில்லை.

வீட்டில் கல்யாணத் தரகர் பாண்டியப்பன் காத்திருந்தார். ஜாதகத்தோடு தினமும் பதிவாகும் என் விந்தணு எண்ணிக்கை சிவப்புக்குப் போய்விட்டதாம்.

"பேக்கரி அடுப்புல நாள் பூரா வெந்தா வேறென்ன தம்பி ஆகும்? பொண்ணு இளவேனில் வீட்ல வேண்டாம்னுட்டாங்க."

"புதுசா உருவாக ரெண்டரை மாசம் ஆகும்ணே. காத்திருக்கச் சொல்லுங்க."

"முகூர்த்தம் அடுத்த மாசம். பச்சையில இருக்கிற பையனைப் பேசி முடிச்சிட்டாங்க."

அம்மா அழுதாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிட்டேன்.

நாளை காலை ஐஸ் ஆலையில் வேலை கேட்க வேண்டும்.