மூன்று நாள் திரை

எங்கள் டச்சுத் தெருவில் ஜன்னல் திரையை யாரும் மூடுவதில்லை. மூடினால் வீட்டுக்குள் ஏதோ விவகாரம் என்று அர்த்தம். பக்கத்து வீட்டு வுப்போவின் ஜன்னலில் மூன்று நாளாக மூடிக்கிடக்கிறது. மனைவி ஃபெம்கே ஓடிப்போய்விட்டாள் என்பது என் கணிப்பு. இதோ, திரை விலகுகிறது. சைக்கிளில் இல்லாத பழுதைத் தேடிக் குனிகிறேன். காலை வெயில் ஜன்னலோர உப்புநீர் மீன்தொட்டிக்குள் இறங்குகிறது. கண்ணாடியை அப்பியிருந்த பச்சைப் பாசியைக் காணோம். பவளத்தின் பின்னாலிருந்து ஆரஞ்சு மீன் ஒன்று தயங்கி வருகிறது, அதன் பின்னே ஜோடி மீனும். மண்டியிட்டிருக்கும் வுப்போ கண்ணைத் துடைக்கிறான். "ரெண்டும் உசுரோட இருக்கு, ஃபெம்கே!" என்று அவன் கத்துவது கண்ணாடியைத் தாண்டிக் கேட்கிறது. அவன் தோளைப் பிடித்து நிற்பவள் அவள்தான். என்னைக் கண்டதும் ஜன்னலைத் திறக்கிறாள். "இருட்டுல வச்சாதான் பாசி சாகும்னாங்க. மீனும் சேர்ந்து போயிடுமோன்னு இவருக்குத் தூக்கமே இல்ல. நீங்க என்னக்கா நினைச்சீங்க?" "நானும் பாசின்னுதான் நினைச்சேன்" என்கிறேன், வாய் கூசாமல்.