கட்டிப்பிடிக்காத சபை

“சின்னதா இருக்கணும், மலிவா இருக்கணும். இடுப்புல வெச்சா பெத்த தாய்க்குக்கூடத் தெரியக் கூடாது,” என்றாள் நெல்டா. சொல்லிவிட்டு மறுபடியும் வாசலைப் பார்த்தாள்.

டெக்சாஸில் அவள் ஊரிலேயே நல்ல துப்பாக்கிக் கடை இருக்கிறது. அங்கே போனால் சாயங்காலத்துக்குள் ஊரே சிரித்துவிடும். அதனால்தான் காரை ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டு இங்கே வந்திருந்தாள். சர்ச் வாசலில் ‘கர்த்தர் வீட்டில் துப்பாக்கிக்கு இடமில்லை’ என்று பலகை வைத்தே ஆக வேண்டும் என ஒற்றைக்காலில் நின்றவளே அவள்தான்.

“முதல் துப்பாக்கியாம்மா?” என்றான் கடைக்காரன் பர்ல்.

“அது எதுக்கு உனக்கு? எடுத்துக் காட்டு. முந்நூறு டாலருக்கு மேல ஒரு காசு தர மாட்டேன்.”

உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒன்றை எடுத்து வைத்தான். நெல்டாவின் முகம் மலர்ந்தது.

“இதுதான். இதையே குடுத்துரு.”

“முதல்ல எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க. மேல்பாகத்தைப் பின்னாடி இழுங்க பார்ப்போம்.”

இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அது அசையவே இல்லை.

“குட்டியா இருந்தா ஸ்பிரிங் முரடா இருக்கும். சுட்டா கழுதை மாதிரி உதைக்கும். ஒரு தடவை சுட்டுட்டு அலமாரியில போட்டுருவீங்க. இதைப் பிடிங்க. ஒரு விரல்கடை பெரிசு. ஒருத்தர் கைபட்டது, அதான் உங்க காசுக்குள்ள வருது.”

இது இழுத்ததும் வந்தது. கையிலும் பாந்தமாக உட்கார்ந்தது. நெல்டாவுக்கு அதைப் பிடித்துக்கொண்டிருக்கவும் பிடிக்கவில்லை, கீழே வைக்கவும் மனமில்லை.

“ஏம்மா இவ்வளவு படபடப்பு? யாராச்சும் மிரட்டினாங்களா?”

அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்த மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டாள்.

“வீட்டுக்காரர் போனதுலேருந்து தனியா கெடக்கேன். போன வாரம் எவனோ பின்கதவை ஆட்டிப் பார்த்திருக்கான். முன்னன்னா என் சிநேகிதி ஓப்பலைக் கூப்பிட்டிருப்பேன். இப்ப யாரைக் கூப்பிட? ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எல்லாரும் வந்து இறுக்கிக் கட்டிப்பாங்க. எம்மேல மனுஷங்க கை படுறதே அன்னிக்குத்தான். வாரம் பூரா அதுக்காகவே காத்திருப்பேன். பலகை வெச்ச நாள்லேருந்து அதுவும் போச்சு. கிட்டவே வர மாட்டேங்கறாங்க. தூர நின்னு கையை நீட்டுறாங்க. பலகை மாட்டுறப்போ ஏணியைப் பிடிச்ச ஓப்பல்கூட! பலகை வெச்சவ மேல அவ்வளவு வெறுப்பு. நான் செத்துக் கெடந்தாகூட யாருக்குத் தெரியப் போகுது?”

பர்ல் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டான். துப்பாக்கிக்கு ஓர் உறை தேடி எடுத்தான்.

“கைப்பையில வைக்காதீங்க. பையைப் பிடுங்கினா இதுவும் சேர்ந்து போயிரும். வலது இடுப்புல மாட்டிக்கிட்டு மேல தளர்வா ஒரு கோட்டு போட்டுக்கங்க. முக்கியமா, யாரையும் கட்டிப்பிடிக்காதீங்க. கை பட்டா தெரிஞ்சிரும். முந்திக்கிட்டு நீங்களே கையை நீட்டிருங்க.”

“கட்டிப்பிடிக்க யாருப்பா இருக்கா எனக்கு?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அதைக் காரிலேயே வைத்துவிடத்தான் நினைத்தாள். பின்கதவு ஞாபகம் வந்தது. கழற்ற மனம் வரவில்லை. தான் வைத்த பலகைக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு நுழைந்தாள்.

உட்கார முடியவில்லை. விலாவில் குத்தியது. பின்வரிசையில் யாரோ இருமினால்கூடத் தூக்கிவாரிப் போட்டது.

மேடையில் போதகர் கார்லண்ட் இடது கையால் பிரசங்க மேசையைத் தட்டி முழங்கினார். “கர்த்தரை நம்பாதவன்தான் ஆயுதத்தை நம்புவான்!”

“ஆமென்!” என்றது சபை. நெல்டாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னாள்.

பிரசங்கம் முடிந்து, ஒருவரையொருவர் வாழ்த்தும் நேரம் வந்தது. ஓப்பல் எழுந்து வந்தாள். பர்ல் சொன்னபடி நெல்டா முந்திக்கொண்டு கையை நீட்டினாள். முழங்கை தானாகவே விலாவோடு ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் கவனித்தாள். ஓப்பலின் முழங்கையும் விலாவோடு ஒட்டியிருந்தது. கொளுத்துகிற ஜூலை மாதத்தில் ஓப்பல் கோட்டு போட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற அவள் புருஷனும் கோட்டில்தான் இருந்தான். சபை முழுக்க வியர்த்து வழிந்துகொண்டு, கோட்டும் ஒட்டிய முழங்கையுமாக, தூர நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தது.

நெல்டா ஓர் அடி முன்னால் வந்தாள்.

“ஓப்பல், இடுப்புலயா?” என்றாள் மெதுவாக.

ஓப்பலின் முகம் வெளுத்துவிட்டது. “யார்கிட்டயும் சொல்லிராதடி. பலகை வெச்சதும் எவனாச்சும் உள்ள நுழைஞ்சா என்ன பண்றதுன்னு பயந்து வாங்கிட்டேன். அதை வெச்சுக்கிட்டு உன்னைக் கட்டிக்க வந்தா கண்டுபிடிச்சிருவியேன்னு…”

“அப்ப என்னை வெறுக்கலையா?”

“லூசு! உன்னையா?”

“எந்தப் பக்கம் வெச்சிருக்கே?”

“வலது.”

“எனக்கும் வலதுதான். இடப்பக்கமா ஒட்டி வா.”

ஓப்பல் வாயைப் பிளந்தாள். பிறகு இருவரும் வலது இடுப்பை ஒதுக்கி, கோணலாகக் கட்டிக்கொண்டார்கள். எத்தனையோ நாள் கழித்து ஒரு மனுஷியின் சூடு. நெல்டாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

போதகர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். மனம் நிறைந்திருந்த நெல்டா அவரையும் அதே மாதிரி இடப்பக்கமாக அணைக்கப் போனாள்.

அவர் துள்ளிப் பின்வாங்கினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அந்தப் பக்கம் வேணாம் சகோதரி. நான் இடது கைக்காரன்.”