கோப்பைக்குப் பிறகு

குழந்தையைத் தூக்கினால் ஆட்டக்காரனுக்கு ஹார்மோன் இறங்கி, வெறியும் இறங்கிவிடுமாம். அதனால் சீசன் முடியும்வரை மகளைத் தூக்க மாட்டேன் என்று கபடி அணி நிர்வாகம் சுடலைமணியிடம் எழுதி வாங்கியிருந்தது. பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடித்து, கோட்டைத் தொடவிடாமல் மடக்குவதுதான் அவன் வேலை. மணிக்கட்டில் கட்டிய பட்டை அந்த வெறியை எண்ணாகக் காட்டும். எழுபதுக்குக் கீழே போனால் களத்தில் இடமில்லை. எட்டு மாதமாக மகளை எட்ட நின்றுதான் பார்த்தான்.

இன்று கோப்பையோடு வீட்டுக்கு வந்தான்.

"இனி தூக்கலாம்லா? இந்தாங்க, ஒங்க மவ," என்று மனைவி செண்பகம் குழந்தையை நீட்டினாள்.

வாங்கி மார்போடு அணைத்தான். பட்டையில் தொண்ணூற்றிரண்டு.

"இறங்கிரும். கொஞ்ச நேரம் வச்சிருங்க."

குழந்தைக்கு அந்த நெஞ்சு பழக்கமில்லை. சிணுங்கிக்கொண்டே அம்மாவிடம் தாவியது. அவன் கை தானாகப் போய் அதன் கணுக்காலைப் பற்றியது. குழந்தை வீறிட்டது. தொண்ணூற்றைந்து.

"விடுங்க! பிள்ள அழுவுதுல்லா!"

"விடத்தான் பாக்கேன், செண்பகம்," என்றான். மறு கையால் தன் விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். குழந்தை திமிறத் திமிற விரல்கள் இன்னும் இறுகின.