காக்கைக்கு வைத்த வடை

இரும்புலியூர் வீட்டின் பின்பக்கத்துச் சிமெண்ட் தரையில் அமாவாசை வெயில் சுள்ளென்று அடிக்கிறது. காக்கை சாப்பிடாமல் இந்த வீட்டில் யாரும் ஒரு பருக்கை வாயில் போடுவதில்லை. இன்று காக்கை வர மணி ஒன்றாகிவிட, நாய்களுக்கும் வசுமதி சோறு வைக்கவில்லை. அதுதான் அவள் செய்த தப்பு. மதில்மேல் வைத்த சோற்றைக் காக்கை கலைத்ததில் வடை உருண்டு, இரண்டு நாய்களுக்கும் நட்டநடுவே விழுந்து கிடக்கிறது. பத்து வருஷமாக வீட்டை ஆளும் ஜிம்மி ஒரு பக்கம், போன மாதம் வந்த லியோ மறுபக்கம். இரண்டும் குரைக்கவில்லை. உதடு சுருண்டு பல் தெரிகிறது, வால் விறைத்து நிற்கிறது. கிரைண்டர் ஓடுவதுபோல் ஓர் உறுமல், எந்தத் தொண்டையிலிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. ஓரடி தள்ளி, தட்டும் கையுமாக வசுமதி. போன வாரம் இவற்றை விலக்கப் போய்க் கணுக்காலில் வாங்கிய தையல் விண்விண்ணென்று தெறிக்கிறது. "பேர் சொல்லிக் கூப்பிடாத, வசு," கம்பிக்கதவுக்குப் பின்னாலிருந்து அவள் கணவன் கிரீஷ் கிசுகிசுக்கிறான். "ஒண்ணக் கூப்பிட்டா இன்னொண்ணு பாஞ்சிடும். அப்படியே நில்லு." "ஏதாவது பண்ணுங்களேன்," உதடு அசையாமல் சொல்கிறாள். சடசடவென்று சிறகடிப்பு. காக்கை இறங்கி வடையைக் கவ்விக்கொண்டு பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பறந்துவிடுகிறது. அப்பாடா என்று மூச்சு விடுகிறாள். உறுமல் மட்டும் நிற்கவில்லை. இரண்டு தலைகளும் மெல்ல நிமிர்ந்து அவள் கையிலிருக்கும் தட்டைப் பார்க்கின்றன. அதில் இன்னும் மூன்று வடைகள் இருக்கின்றன.