சிவப்புப் பேனா

எங்கள் வம்சத்தில் யாருக்கும் புத்தி கலங்கியதில்லை. என் மனைவிதான் அந்தப் பெயரைக் கெடுக்க வந்தாள்.

அதனால்தான் வாசலைப் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன். அவள் தன் தங்கையோடு போனில் பேசுவதையும் நிறுத்தினேன். எதையாவது உளறி வைத்தால் யார் மானம் போகும்? அன்றாடம் வீட்டில் நடப்பதை அவளை நோட்டில் எழுதச் சொல்லி, மாலையில் சிவப்புப் பேனாவால் திருத்திக் கையெழுத்துப் போடுவேன். தலைமையாசிரியராக இருந்த கை.

அவளுக்கு மறதி என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால், பூட்டைப் பற்றி அந்தத் தங்கைக்காரி வாய் திறக்க முடியாது. அதற்காகத்தான் நோட்டோடு அவளை டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

"அடுப்பை அணைக்க மறந்துடறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"அவளுக்கென்ன தெரியும்? என்னைக் கேளுங்க" என்றேன்.

"சரி சார், இன்னைக்கு என்ன கிழமை?"

"அதெல்லாம் நோட்டுல இருக்கும்."

டாக்டர் நோட்டைப் புரட்டினார். "ஒரே பக்கத்துல நாலு கையெழுத்து இருக்கே?"

"திருத்தி முடிச்சதும், 'நோட்டு எங்கடி'ன்னு மறுபடியும் கத்துவார். நானும் நீட்டிடுவேன்" என்றாள் அவள்.

"அடுப்பு?"

"அஞ்சு மணிக்கு அவர் பால் வச்சார், அணைக்கலைன்னு எழுதியிருக்கேன். சரின்னு டிக் போட்டிருக்கார் பாருங்க."

எட்டிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். போட்ட நினைவில்லை.

அவள் என் சட்டைப்பையிலிருந்து வாசல் சாவியையும் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டாள். நோட்டில் புதுப் பக்கம் திருப்பி என் மடியில் வைத்தாள்.

"இனிமே நீங்க எழுதுங்க. நான் திருத்தறேன்."