குண்டின் வயிற்றில் ஒரு வாய்ப் பால்

பால் ஆலைக் குழாய் ஒன்றின் வால்வுக்குள் ஓர் எவர்சில்வர் குண்டும், அதை அணைத்தபடி ஒரு வெள்ளை வளையமும் குடியிருந்தன. வெளியே வால்வின் பிடியை அழுத்தக் காற்று தள்ளினால் குண்டு கால் வட்டம் திரும்பும். அதன் நடுத்துளை வழியே பால் ஓடும். மறுபடி தள்ளினால் மூடிக்கொள்ளும்.

மூடும்போதெல்லாம் துளைக்குள் ஒரு வாய்ப் பால் தங்கிவிடும். அது புளித்து, காய்ந்து, குண்டின் மேலெல்லாம் பொருக்காக ஒட்டியது. குண்டுக்கு அது தெரியும். குழாய்க்குள் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டது.

ஒரு நாள் வளையத்தைத் தாண்டி ஒரு சொட்டு கசிந்தது.

“என்னடி இப்படி ஒழுக விடறே? வெட்கமாயில்லே?” என்று குண்டு அதட்டியது.

“நீங்க திரும்பும்போதெல்லாம் என்னமோ அறுக்குதுக்கா. என் மேலதான் ஏதோ கோளாறு போல” என்றது வளையம்.

குண்டுக்குச் சுரீரென்றது. ஆனாலும், “இனிமேலாவது பாத்து இரு” என்றது.

மெக்கானிக் வந்தார். குண்டைக் கழுவித் துடைத்தார். தேய்ந்த வளையத்தைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டார். போகும்போதும் அது, “மன்னிச்சிடுங்கக்கா” என்றுதான் சொல்லிவிட்டுப் போனது.

புது வளையம் வந்து பயத்தோடு ஒட்டிக்கொண்டது.

“அக்கா, முன்னால இருந்தவங்க எதனால தேஞ்சுபோனாங்க? சொன்னீங்கன்னா நான் பாத்து நடந்துக்குவேன்.”

குண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தது. கால் வட்டத்துக்கு மேல் அதற்குத் திரும்ப வராது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வளையத்தின் முகம்தான்.

“அது வந்து...” என்று ஆரம்பித்தது. அதற்குள் காற்று தள்ளியது. குண்டு மூடிக்கொண்டது, உள்ளே ஒரு வாய்ப் பாலோடு.